மலையில்லாத் தீவுகளிலே மலைச்சைக்கிள்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கேட்கப்பெறும் பழைய மாணவர் பெரும்பாலும் இரண்டு பொருள்களில் ஒன்றையே எடுத்துக்கொள்வர். ஒன்று தம் காலத்து ஆசிரியர்களின் பெருமை. மற்றொன்று தம் காலத்துக் கிறிக்கெற் அணியின் வெற்றி. இவ்விரண்டும் எழுதத் தக்கனவே. ஆயினும் நாம் இங்கே எழுதப் புகுவது அணியிலே இடம்பெறாதவர்களைப் பற்றியாகும். கல்லூரியொன்றிலே ஆயிரம் மாணாக்கர் கற்பாராயின், கிறிக்கெற் அணியிலே பதினொருவர். உதைபந்தாட்ட அணியிலே பதினொருவர். இருபிரிவினரையும் சேர்த்தாலும் முப்பதைத் தாண்டாது. அந்த முப்பதின்மரிலும் பலர் இரு அணிகளிலும் ஆடுவோராயிருப்பர். ஏனையோர் மைதானத்தின் ஓரத்திலே கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டுவர். கைதட்டுதலும் ஒரு தொண்டே. ஆனால் அது தேகப்பயிற்சி ஆகாது.

நாம் விடுதியிலே தங்கிக் கற்ற காலத்தில் தீவுப்பகுதியிலிருந்து வந்த மாணவர் ஒருவர் எம்முடன் இருந்தார். பெயர் வேண்டா, அவர் இதனை வாசிக்கவுங்கூடும். கிறிக்கெற் அணியிலே அவர் எப்போதும் பன்னிரண்டாமவர். தண்ணீர் சுமந்தார், காலுறைகளை எண்ணி வைத்தார், ஒரு நாளேனும் துடுப்பெடுத்து ஆடினாரல்லர். அதே மாணவர் வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு விட்டதும் தம் தந்தையாரின் பழைய றலிச் சைக்கிளில் ஏறிப் பண்ணைத் தாம்போதியிலே சோளகக் காற்றை முகத்தில் ஏற்றுக்கொண்டு, ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஊர்காவற்றுறைக்கு மிதித்துச் செல்வார். திங்கட்கிழமை முதல் மணி அடிக்குமுன் வகுப்பிலே அமர்ந்திருப்பார். கல்லூரியிலேயே வலிமை மிக்க கால்கள் அவருடையனவே என்பதை நாமோ, எம் பயிற்றுநரோ அக்காலத்தில் உணர்ந்தோமல்லோம். அக்கால்களுக்குரிய விளையாட்டு எதுவும் கல்லூரியிலே இருக்கவில்லை.

அத்தகைய விளையாட்டொன்று இன்று உலகிலே உண்டு. அதன் பெயர் மலைச்சைக்கிள் ஓட்டம். அதனைப் பாடசாலைகளிலே எவ்வாறு நடத்துகின்றனர் என்பதையும், அது நம் தீவுப்பகுதிக்கு எவ்வாறு பொருந்தும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விளையாட்டு 1970களிலே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மரின் பகுதியில் உருப்பெற்றது. அங்குள்ள தமல்பாய் மலைச்சாரலிலே சில இளைஞர் தடித்த ரயர் பூட்டிய பழைய சைக்கிள்களைத் திருத்தி, மண்பாதை வழியே இறங்கி ஓட்டலாயினர். 1976ஆம் ஆண்டிலே அங்கு நடந்த போட்டியொன்றுக்கு ‘மீள அடைத்தல்’ என்று பொருள்படும் பெயர் வழங்கிற்று. இறக்கத்திலே பிறேக்குப் பிடித்துப் பிடித்து, சில்லின் குடத்திலிருந்த கிறீஸ் முழுவதும் சூட்டினால் உருகி ஆவியாகிவிடும்; ஒவ்வோர் ஓட்டத்தின் பின்பும் அதனை மீள அடைக்க வேண்டியிருந்தமையே அப்பெயருக்குக் காரணம். இவ்வாறு பழைய இரும்பைக் கொண்டு தொடங்கிய விளையாட்டு 1990ஆம் ஆண்டிலே உலகப் போட்டியாகவும், 1996ஆம் ஆண்டு அற்லாண்டா நகரிலே ஒலிம்பிக் போட்டியாகவும் உயர்ந்தது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே ஆசியப் போட்டி நமக்கு அணித்தாய கேரள நாட்டின் பொன்முடி மலையிலே நடைபெற்றது.

ஆயினும் நமக்கு வேண்டியது ஒலிம்பிக்கின் கதையன்று; பாடசாலையின் கதையே. 1998ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவின் பேர்க்லி நகர உயர்தரப் பாடசாலையில் மாற் ஃபிரிற்சிங்கர் என்னும் கணித ஆசிரியர் மாணவர் சிலரைச் சேர்த்து மலைச்சைக்கிள் அணியொன்றைத் தொடங்கினார். அயற்பாடசாலைகளும் அணிகள் அமைக்க, 2001ஆம் ஆண்டிலே வட கலிபோர்னியப் பாடசாலைகளுக்கென ஒரு போட்டித்தொடர் உருவாயிற்று. 2009ஆம் ஆண்டிலே அது நாடு தழுவிய பாடசாலைச் சைக்கிளோட்டச் சங்கமாக வளர்ந்து, இன்று அந்நாட்டின் பல மாநிலங்களிலே ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவ மாணவியர்க்குப் போட்டிகள் நடத்தி வருகின்றது.

அச்சங்கத்தின் வளர்ச்சிக்குக் காரணம் அது வகுத்த சில எளிய விதிகளே என்பது எமது துணிபு. முதலாவது, அணிக்கு ஆள் தெரிவு இல்லை. சேர விரும்புவோர் எல்லோரும் சேரலாம்; போட்டி நாளிலே எல்லோரும் ஓடலாம். காத்திருக்கும் வாங்கு என்பது அங்கே கிடையாது. இரண்டாவது, வகுப்புக்கும் திறமைக்கும் ஏற்பப் பிரிவுகள் உண்டு. புதிதாய்ச் சேர்ந்த சிறுவன் தன்னை ஒத்தவரோடு குறைந்த சுற்றுகளே ஓடுவான். பயின்றவன் கூடிய சுற்றுகள் ஓடுவான். மூன்றாவது, புள்ளி முதல் மூவர்க்கு மட்டும் உரியதன்று. பின்னே வந்து சேர்பவரும் தத்தம் நிலைக்கேற்பப் புள்ளி பெறுவர். நான்காவது, அணியின் மொத்தப் புள்ளி ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஈட்டுவது. ஒரு பாலாரை மட்டும் கொண்டு கணக்கை நிரப்ப இயலாது. ஐந்தாவது, பெரிய அணிகள் ஒரு பிரிவாகவும் சிறிய அணிகள் வேறொரு பிரிவாகவும் கணிக்கப்படும். ஆகவே, ஐந்நூறு பேர் கற்கும் பாடசாலையின் முன் ஐம்பது பேர் கற்கும் பாடசாலை தலைகுனிய வேண்டியதில்லை.

இன்னும் ஒரு வழக்கம் குறிப்பிடத்தக்கது. பயிற்சிக்குச் செல்லும்போது ஒரு பயிற்றுநர் முன்னே செல்வார்; மற்றொருவர் யாவர்க்கும் பின்னே வருவார். பின்னே வருபவர் எவரையும் முந்திச் செல்லலாகாது. எவருடைய சங்கிலி கழன்றாலும், எவருக்கு மூச்சு வாங்கினாலும் அவர் அங்கே நிற்பார். திருவிழாவிலே தேர் புறப்படும்போது முன்னே வடம் பிடிப்போரைப் போலவே பின்னே கட்டை போடுவோரும் வேண்டுமன்றோ? அது போன்றதே இதுவும்.

‘மலைச்சைக்கிளுக்கு மலை வேண்டாமோ? நம் தீவுகளிலே மலைக்கு எங்கே போவது?’ என்று சிலர் நகைக்கலாம். வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் மலையென்று சொல்லத்தக்க மேடு ஒன்றேனும் இல்லை என்பது உண்மையே. ஆனால் இச்சைக்கிள் மலைக்கென்றே ஆக்கப்பட்டதன்று; கரடுமுரடான நிலத்துக்கென ஆக்கப்பட்டது. அதன் ரயர் ஏறத்தாழ இரண்டு அங்குலமும் அதற்கு மேலும் அகன்றது. காற்றைச் சிறிது குறைத்து ஓட்டினால் மணலிலே புதையாது பரந்து மிதக்கும். முன்கவை குலுக்கத்தைத் தாங்கும்படி வில்லமைப்புடையது. பற்சில்லுகள் பல இருத்தலால், மிதிப்பதற்கு எளிதான நிலையிலே வைத்துக்கொண்டு வலிகுறைந்த பிள்ளையும் மெல்ல மெல்ல முன்னேறலாம். மண்கும்பானின் மணலும், சாட்டிக் கடற்கரையின் ஓரமும், நெடுந்தீவிலே முருகைக்கல் மதில்களுக்கிடையே செல்லும் ஒழுங்கைகளும், பெருக்கமரத்தைச் சூழ்ந்த வெளிகளும் இத்தகைய வண்டிக்கு ஏற்ற நிலங்களே.

மலையின் வேலையைச் செய்வதற்கு நம்மிடம் காற்றும் உண்டு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். அக்காலத்திலே யாழ்ப்பாணத்திலிருந்து தாம்போதி வழியாகத் தீவை நோக்கிச் சைக்கிள் மிதித்தவர் எவரும், ‘இங்கு மலையில்லை’ என்று சொல்லார். இருபுறமும் கடல், ஒதுங்குவதற்கு ஒரு மரமும் இல்லை, எதிர்க்காற்றிலே மிதிப்பது ஏற்றத்திலே மிதிப்பதையே ஒக்கும். ஏற்றத்திலே பெறமுடியாத ஒரு பாடத்தையும் அக்காற்று நமக்குக் கற்பிக்கின்றது. எதிர்க்காற்றிலே ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் சென்றால், முன்னிருப்பவர் காற்றைப் பிளக்க, பின்னிருப்பவர்க்கு உழைப்பு வெகுவாகக் குறையும். வலியவர் முறைவைத்து முன்னே சென்றால் மெலியவரும் அவர்தம் நிழலிலே உடன்வந்து சேர்வர். வலிமை எதற்காக என்னும் கேள்விக்கு இதனினும் தெளிவான விடையை எந்த மைதானம் தரும் என்பது எமக்குத் தெரியவில்லை.

இனி, இவ்விளையாட்டு ஏன் தீவுப்பகுதிக்குச் சிறப்பாக வேண்டும் என்பதைச் சொல்லுவோம். 1990ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் நடந்த போரினாலே தீவு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் சென்றவர் பலர். கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சென்று அங்கேயே வேரூன்றியவர் பலர். மீண்டு வந்தோர் சிலரே. கல்வீடுகள் கூரையிழந்து நிற்க, அவற்றின் முற்றத்திலே வடலி வளர்ந்திருப்பதை இன்றும் காணலாம். இதன் விளைவாகத் தீவிலே பிள்ளைகள் குறைந்த பாடசாலைகள் பல. அத்தகைய பாடசாலையொன்றின் அதிபர், ‘பதினொருவரைச் சேர்க்க வகுப்பு வகுப்பாகத் தேடவேண்டியிருக்கிறது’ என்று சொல்வாராயின் அது வியப்பன்று. பதினொருவர் இல்லையேல் உதைபந்தாட்ட அணியில்லை, அணியில்லையேல் போட்டியில்லை, போட்டியில்லையேல் அப்பாடசாலையின் பெயர் வெளியே கேட்பதில்லை. பெயர் கேளாத பாடசாலையிலிருந்து மேலும் சில பெற்றோர் தம் பிள்ளைகளை நகரத்துக்குக் கொண்டுசெல்வர். தேய்வு தேய்வையே வளர்க்கின்றது.

சைக்கிள் அணிக்கோ எண்ணிக்கை தடையன்று. மூவர் இருந்தாலும் அணி. முப்பதின்மர் இருந்தாலும் அணி. நெடுந்தீவிலிருந்து நால்வரும், நயினாதீவிலிருந்து மூவரும், அனலைதீவிலிருந்து இருவரும் படகிலே தம் வண்டிகளை ஏற்றிக் குறிகட்டுவானிலே வந்திறங்கி, வேலணையிலோ புங்குடுதீவிலோ நகரக் கல்லூரிகளோடு சமமாக ஓடலாம். மற்றைய விளையாட்டுக்களிலே தீவுப் பிள்ளை நகர மைதானத்துக்கு வரவேண்டும்; இதிலே நகரப் பிள்ளை தீவுக்குச் செல்லவேண்டும். அங்கே மணலிலும் காற்றிலும் பழகியவர் எவர் என்பது முதற் சுற்றிலேயே விளங்கிவிடும்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழகத்திலே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்திலே, அறிவொளி இயக்கத்தின்போது, கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கிலே சைக்கிள் ஓட்டக் கற்றமை பெரும் சமூக மாற்றமாகப் போற்றப்பட்டது. யாழ்ப்பாணத்திலோ பெண்பிள்ளை சைக்கிளிலே பாடசாலை செல்வது நெடுநாளைய வழக்கம். ஆகவே புதுக்கோட்டைப் பெண்கள் முயன்று பெற்றதை நம் பிள்ளைகள் முன்னரே பெற்றுள்ளனர். ஆயினும் பாடசாலைக்கு மிதித்து வரும் அதே மாணவி, பாடசாலை வாயிலிலே சைக்கிளைப் பூட்டியதும் விளையாட்டிலிருந்தும் தன்னைப் பூட்டிக்கொள்கிறாள். பதினைந்து வயதுக்குப் பின் மைதானத்திலே இறங்கும் பெண்பிள்ளைகள் சிலரே. அணியின் புள்ளி அவளின்றி நிறையாது என்னும் விதி, அவளை அழைக்கும் அழைப்பாகும். இரக்கத்தினால் கொடுக்கும் இடமன்று, தேவையினால் கொடுக்கும் இடம்.

அங்கக் குறையுள்ள பிள்ளைகளையும் மறத்தலாகாது. பார்வையற்றவர் இருவர் ஏறும் சைக்கிளிலே பின்னிருந்து மிதிப்பதும், முன்னிருப்பவர் வழிநடத்துவதும் உலக மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கிலே நெடுநாளாக உள்ள போட்டி. போரிலே கால் இழந்து செயற்கைக் கால் பூண்டவர் சைக்கிளிலே தொழிலுக்குச் செல்வதை நம் வீதிகளிலே நாள்தோறும் காண்கிறோம். நடையிலே பின்தங்குபவர் சில்லின் மேல் ஏறியதும் ஏனையோரோடு ஒப்பாதல் இவ்வூர்தியின் இயல்பு.

நம் சமூகத்துக்குச் சைக்கிள் புதிதன்று என்பதை மூத்த பழைய மாணவர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அற்றுப்போன ஆண்டுகளிலே அதுவே நம் மோட்டார். அதுவே நோயாளர் வண்டி. அதுவே விறகு வண்டி. மின்சாரமும் பற்றரியும் இல்லாத இரவுகளிலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டிலும் முதலிலே கைகொடுத்தது அதுவே. இடுக்கண் நேரத்திலே நம்மைச் சுமந்த வண்டிக்கு நம் விளையாட்டுப் போட்டிகளிலே கொடுத்த இடமோ, மெதுவாகச் சைக்கிள் ஓட்டுதல் என்னும் வேடிக்கை நிகழ்ச்சி மட்டுமே!

தொடங்கும் முறை கடினமன்று. முதலிலே பழக்க வேண்டியவை மூன்று. கரடான இடத்திலே இருக்கையிலிருந்து சற்று எழுந்து, முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்க நிற்றல் ஒன்று. முன்பிறேக்கையும் பின்பிறேக்கையும் அளவறிந்து சேர்த்துப் பிடித்தல் மற்றொன்று. முன்னதை மட்டும் சடுதியாய்ப் பிடித்தவர் ஹாண்டிலுக்கு மேலாகப் பறப்பர். மூன்றாவது, கண்ணை வழியிலே வைத்தல். கல்லையே நோக்குபவன் கல்லின்மேலேயே ஏறுவான். வழியை நோக்குபவன் வழியே செல்வான். இதனைச் சைக்கிளுக்கு மட்டும் உரிய பாடமென்று மாணாக்கர் கருதாதிருப்பாராக.

காலமும் இடமும் அறிந்து பயிலல் வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரிமழையால் தாழ்நிலங்கள் நீர் நிறைந்திருக்கும். ஈரமண்ணிலே ஓட்டினால் பாதை பழுதுறும். தை, மாசி, பங்குனி பயிற்சிக்கு நல்ல மாதங்கள். சோளக காலத்திலே விடியற்காலை உகந்தது. நயினாதீவிலே நாகபூஷணி அம்மன் உற்சவம் நடக்கும் நாட்களிலே அடியார் கூட்டத்தினிடையே வண்டியோடு செல்லலாகாது. நெடுந்தீவிலே காட்டுக் குதிரைகள் மேயும் வெளியிலே அவற்றைத் துரத்துதலும் ஆகாது. பயிர் செய்த காணிக்குள் உரியவரின் இசைவின்றிப் புகுதல் கூடாது. தலைக்கவசம் இன்றி ஒருவரும் மிதிகட்டையிலே கால் வைத்தலாகாது.

வண்டியைப் பேணுதலும் கல்வியே. தீவிலே உப்புக்காற்று சங்கிலியையும் ஆணிகளையும் விரைவிலே துருப்பிடிக்கச் செய்யும். நன்னீரோ அங்கே அரிது. ஆகவே வாளி வாளியாக ஊற்றிக் கழுவாது, நனைந்த துணியாலே துடைத்து எண்ணெயிடப் பழக்கவேண்டும். முட்செடிகள் மலிந்த நிலமாதலால், ரியூப்புக்கு ஒட்டுப்போட அறியாதவன் வீடு வரை உருட்டிக்கொண்டே வரவேண்டியிருக்கும். ஒட்டுப்போடுதல், சங்கிலி பூட்டுதல், சில்லு நேராக்கல் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையாலே செய்யக் கற்றால், அணியிலிருந்து நல்ல ஓட்டக்காரரோடு நல்ல கைத்தொழிலாளரும் தோன்றுவர்.

இதற்கு வரும் தடைகளுள் மெய்யானது பணத்தடையே. நல்ல மலைச்சைக்கிள் விலை மிக்கது. தீவிலே கடற்றொழில் செய்பவரின் பிள்ளை அதனை வாங்குதல் அரிது. ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக வாங்கவேண்டுமென்றால், வசதியுள்ளவரே முன்னேறுவர். கயிற்றுக்கு வெளியே நிற்போர் மீண்டும் வெளியேயே நிற்பர். ஆகவே வண்டிகள் பாடசாலையின் உடைமையாதல் வேண்டும். உயரத்துக்கேற்ப இருக்கையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் ஒரே வண்டியைக் காலையில் ஒருவரும் மாலையில் ஒருவருமாகப் பயன்படுத்தலாம். பத்து வண்டிகள் இருந்தால் முப்பது பிள்ளைகள் பயிலலாம்.

இங்கேதான் பழைய மாணவரை நோக்கி ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். வெளிநாடுகளிலுள்ள நம் அன்பர்கள் கல்லூரிக்கு வாயில் வளைவுகளும் மண்டபங்களும் தம் பெற்றோர் பெயர் பொறித்துக் கட்டிக்கொடுத்திருக்கின்றனர். அவர்தம் அன்பை நாம் வணங்குகின்றோம். ஆயினும் வளைவின்கீழ் நுழையும் பிள்ளைக்கு ஒரு சில்லும் வேண்டுமன்றோ? அடுத்த நன்கொடை பத்துச் சைக்கிளும், ஒரு கொட்டிலும், ஒரு பெட்டிக் கருவிகளுமாக இருக்கட்டும். அவற்றிலே பாதியை நம் கல்லூரி வைத்துக்கொள்க. மறுபாதியைத் தீவிலுள்ள சிறிய பாடசாலையொன்றுக்குக் கொடுக்க. தனியே ஓடுபவனுக்குப் போட்டியில்லை. அயலவன் வளர்ந்தாலன்றி நம் அணியும் வளராது.

பரீட்சைக்கு இடையூறாகுமே என்று அஞ்சும் பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அந்நேரம் பிள்ளையின் கண் கைத்தொலைபேசியிலே இராது என்பதை நாம் உறுதியாகச் சொல்லலாம். ஒழுங்கையிலே கல் கிடக்கும்.

முடிவாக, எம்முடன் கற்ற அந்தப் பன்னிரண்டாமவரை மீண்டும் நினைக்கின்றோம். அவர் வாழ்க்கையிலே தாழ்ந்தவரல்லர்; நன்றாகவே வாழ்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன் சந்தித்தபோது, ‘கல்லூரியிலே விளையாடினீரோ?’ என்று அவருடைய பேரன் கேட்டதாகவும், தாம் ‘இல்லை’ என்று விடையளித்ததாகவும் நகைத்துக்கொண்டே சொன்னார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடலுக்கு நடுவே காற்றோடு பொருதவர் அவ்விடையைச் சொன்னார்! அந்த விடை எமக்கு இன்னமும் உறுத்துகின்றது. இனிவரும் தலைமுறையிலே தீவிலிருந்து வரும் எப்பிள்ளையும் அவ்வாறு சொல்லாதிருக்கச் செய்தல் நம் கையிலுள்ளது. விழா எடுக்கும் இவ்வேளையிலே நம் கல்லூரித்தாய், கயிற்றுக்கு வெளியே நிற்கும் தன் பிள்ளைகளையும் உள்ளே அழைப்பாளாக.

வாழ்க கல்லூரி! வளர்க அதன் பணி!